மூன்று மீற்றர், முப்பத்தொரு செக்கன்

செப்டெம்பர் 3, புதன்

சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. காலையில் தோய்த்துப் போட்ட வெள்ளைக் கோட்டு பின்னேரம் செம்மண் நிறம். இனி உள்ளேதான் காயப்போட வேண்டும்.

செய்ய வேண்டியவை:
— பயிற்சிக் குறிப்பேட்டில் போன வார நோயாளிகளை ஏற்றுவது
— பாண், முட்டை, குசினிக்கு ஒரு பல்பு
— அலுவலகப் படிவம்!!

அந்தப் படிவம் பெரிய கரைச்சல். முதியோர் மருத்துவப் பயிற்சிக்கு இங்கே வந்து ஐந்து மாதம். இன்னும் ஒரு கட்டம் வெறுமை. "அவசர வேளையில் யாழ்ப்பாணத்தில் தொடர்புகொள்ள வேண்டியவர்." கிளார்க் அக்கா இன்றும் படிக்கட்டில் மறித்தார். "டொக்டர், ஆற்றையும் பேரைப் போட்டுத் தாங்கோவன். உங்கடை ஒண்டாலை முழு ஃபைலும் நிக்குது." மன்னாரில் இருக்கும் அம்மாவைப் போட முடியாதாம். உள்ளூர் ஆள் வேண்டுமாம். யாரைப் போட? வாடகை வீட்டின் சொந்தக்காரர் சுவிஸில். கூடப் படித்தவர்களில் இங்கே வேலை செய்தவர்கள் மூன்று பேர். ஒருத்தி அவுஸ்திரேலியாவில் பேர்த்துக்கு, ஒருவன் லீட்ஸுக்கு, மற்றவன் எங்கே என்றே தெரியாது. நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லித் தப்பினேன்.

கிளினிக். பதினான்கு பேர். வாசலில் செருப்புக் குவியல், கோயில் திருவிழா தோற்றது. அதில் தடக்கி நானே விழப் பார்த்தேன். கிழவர்கள் விழாமல் காப்பாற்ற நடத்துகிற கிளினிக்!

பதினோராவது ஆள்: செல்லத்துரை ஐயா, 82. முன்னாள் பஸ் சாரதி. பருத்தித்துறை றோட்டில் முப்பது வருடத்துக்கு மேல் ஓடியவர். மனைவி இறந்து ஆறு வருடம். கொக்குவிலில் தனியே. விலாசத்தைப் பார்த்தால் என் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கை, ஒரு தெருத் தள்ளி. ஐந்து மாதத்தில் ஒருநாளும் கண்டதில்லை. நான் அங்கே யாரைத்தான் கண்டேன்.

கூட வந்தவர் மகள் சுகந்தி. கனடா. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர், 14ஆம் திகதி திரும்பிப் போகிறார். ஐயா ஜூலையில் குளியலறையில் விழுந்திருக்கிறார். எலும்பு தப்பியது. மகள் என் மேசையைப் பிடித்துக்கொண்டு, "டொக்டர், எனக்கு அங்கை நித்திரையே இல்லை. போன் அடிச்சு அவர் எடுக்காட்டி என்ரை சீவன் போகுது. அவர் தனிய இருக்கலாமோ, இருக்கக் கூடாதோ, ஒரு முடிவை எழுதித் தாங்கோ. நான் சொன்னால் கேக்கமாட்டார்."

ஞாபகச் சோதனை: கிட்டத்தட்ட முழுப் புள்ளி. நாட்டுக்கு இப்போது தலைவர் யார் என்று கேட்டேன். "இப்பவோ? இண்டைக்குக் காலமை பேப்பர் பாக்கேல்லைப் பிள்ளை, மாத்தியிருந்தாலும் தெரியாது." தாதி வசந்தா சிஸ்டர் சிரித்ததில் பேனை விழுந்தது.

நடைச் சோதனை: கதிரையால் எழும்பி, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து இருக்க வேண்டும். நிலத்தில் அளவுக்கு நாடா ஒட்டி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு செக்கனுக்குள் என்றால் நல்லம். ஐயா எழும்பினார், இடப்பக்கம் சரிந்தார், மேசையைப் பிடித்தார், பிடித்துப் பிடித்துப் போனார். 31 செக்கன். "உங்கடை றோட்டு வழுக்குது பிள்ளை," என்றார். நானும் சிரித்தேன்.

எழுதிக் கொடுத்த கடிதம்: நடை உறுதியற்றது, மீண்டும் விழ வாய்ப்பு அதிகம், தனியே வாழ்வது பாதுகாப்பானதல்ல. கையெழுத்து, முத்திரை. மகள் அழுதுவிட்டார். ஐயா தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "டொக்டரே சொல்லிப்போட்டா. பிறகென்ன."

பல்பு வாங்க மறந்துவிட்டேன்.

செப்டெம்பர் 4, வியாழன்

அதே காற்று. தொண்டைக்குள் புழுதி.

சூம் அழைப்பில் எங்கள் சேர். கொழும்பிலிருந்து வியாழன்தோறும் ஒரு மணித்தியாலம் என் பயிற்சியைப் பார்க்கிறவர். வருகிற மாதம் அரையாண்டு மதிப்பீடும் அவரே. நேற்றைய கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னார். பிடித்துக்கொண்டது. சுற்றி வளைக்காமல் எழுதியிருக்கிறேனாம். பலர் குடும்பத்துக்குப் பயந்து மழுப்பிவிடுவார்களாம்.

ஐந்து மாதத்தில் முதல் பாராட்டு. யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. அம்மாவுக்குப் போன் அடித்தேன், செபமாலைக்குப் போய்விட்டா என்றான் அண்ணன் மகன். பல்பு வாங்கப் போன கடையில் முதலாளியிடம் சொல்ல வாயெடுத்தேன். "வேறை என்ன வேணும் மிஸ்?" என்றார். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

குசினியில் வெளிச்சம் வந்தாயிற்று. பார்த்தால் ஒரு கோப்பை, ஒரு பிளேட், ஒரு கரண்டி.

செப்டெம்பர் 13, சனி

சுகந்தியின் போன். நாளை பயணம். ஐயாவை மானிப்பாய்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டாயிற்று. "நல்ல துப்பரவான இடம் டொக்டர், நிலம் முழுக்க ரைல்ஸ். நேரத்துக்குச் சாப்பாடு. வீட்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்குக் குடுக்கிறன், முதலாம் திகதி வருவினம். உங்களுக்குக் கோடி புண்ணியம்."

அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. வாசல் படலையை மட்டும் தான்தான் பூட்டுவன் எண்டார்."

குறிப்பேட்டில் "முடிவு: திருப்திகரம்" என்று எழுதினேன். பிறகு காற்சட்டைகளை அயர்ன் பண்ணினேன். வீட்டுக்காரரின் வட்ஸ்அப்: புது ரைல்ஸ், தயவுசெய்து ஒருவரும் செருப்போடு உள்ளே வரவேண்டாம். ஒருவரும்! யார் வருகிறார்கள் இங்கே? பின்னேரத்தில் மரங்களுக்குத் தண்ணீர் விட ஒருவர் வருவார். அவர் வாசல்வரைகூட வருவதில்லை.

செப்டெம்பர் 21, ஞாயிறு

காலைப் பூசை. முன் வரிசை வாங்கில் ஒரு குடும்பம், ஆறு பேர், இடிபட்டுக்கொண்டு. என் வாங்கில் நானும் என் கைப்பையும். பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லும் நேரம் திரும்பிப் பார்த்தேன், பின்னாலும் ஆள் இல்லை. தூரத்தில் ஒரு கிழவி தலையசைத்தா. அது எனக்குத்தானா என்றும் தெரியாது. நானும் அசைத்தேன்.

அம்மா போனில்: "சாப்பிட்டியே?" "ஓம்." "ஆரோடை?" "ஓம் அம்மா, சாப்பிட்டன்."

பேர்த்தில் இருக்கிறவள் படம் அனுப்பியிருக்கிறாள். கடற்கரை, பிள்ளைகள், நாய். நல்லாயிருக்கு என்று ஒரு பூப் போட்டேன். பொறாமை இல்லை. இருக்கிறது. ஏன் பொய் எழுதவேண்டும், இதை வாசிக்கப் போவது நான் மட்டும்தானே.

செப்டெம்பர் 24, புதன்

முதலிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

மாதம் ஒரு முறை ஒரு முதியோர் இல்லத்தைப் பார்க்க வேண்டும், பயிற்சியில் ஒரு அங்கம். இந்த மாதம் செல்லத்துரை ஐயா இருக்கிற இடத்தைத் தெரிவுசெய்தேன். நான் அனுப்பின ஆள் எப்படி இருக்கிறார் என்று பார்த்துப் பெருமைப்படத்தான், வேறென்ன.

வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். உள்ளே பளபளவென்று ரைல்ஸ். ஐயா யன்னலோரம் பிளாஸ்ரிக் கதிரையில். மூன்று கிழமைக்குள் கன்னம் ஒட்டிப்போய்விட்டது. பகிடி, சிரிப்பு ஒன்றும் இல்லை. "சுகமோ ஐயா?" "ஓம்." "சாப்பாடு?" "ஓம்." கக்கூசுக்குக்கூட ஆள் பிடித்துத்தான் கூட்டிப் போகிறார்களாம். பொறுப்பான அம்மா சொன்னா, "வந்த முதல் நாளே விழப் பாத்தவர். பிறகு நாங்கள் எழும்ப விடுறேல்லை."

என் கடிதம் சரிதான் என்று நினைத்தேன். அப்படியே நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சப்பாத்துப் போடக் குனிந்தபோது செருப்புத் தட்டில் ஒரு சோடி தோல் செருப்பு. வலது சாதாரணம். இடதின் அடிப்பாகம் ஒன்றரை அங்குலம் உயரம் கூட, ரயர்த் துண்டு வைத்துத் தைத்திருக்கிறது. தூசி படிந்து கிடந்தது.

"இது ஆற்றை?"

"செல்லத்துரை ஐயாவின்ரை. உள்ளுக்குப் போட விடுறேல்லைத்தானே."



செருப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். அந்த அம்மா "டொக்டர், டொக்டர்" என்று பின்னால். சால்வையால் துடைத்து, நிலத்தில் குந்தியிருந்து, அவர் காலில் நானே போட்டுவிட்டேன். "எழும்புங்கோ ஐயா." எழும்பினார். நேராக. விறாந்தையின் அந்தத் தொங்கல்வரை போய், சுவரைத் தொடாமல் திரும்பி வந்தார். கதிரையை வைத்து, மூன்று மீற்றரைக் காலால் அளந்து, முறைப்படி சோதித்தேன். 11 செக்கன்.

இளமையில் பஸ் கூரையில் சாமான் ஏற்றும்போது விழுந்து தொடை முறிந்ததாம். எலும்பு பொருந்தினபோது இடது கால் கட்டையாகிவிட்டது. அன்று தொட்டு இந்தச் செருப்பு. தேயத் தேய பஸ் நிலையத்தடியில் ஒருவர் தைத்துக் கொடுப்பாராம். வீட்டுக்குள்ளும் அதுதான். குளிக்க மட்டும் கழற்றுவாராம், ஜூலையில் விழுந்ததும் அப்போதுதான்.

"ஏன் ஐயா அண்டைக்குச் சொல்லேல்லை?"

"டொக்டரிட்டைச் செருப்போடை வாறதோ பிள்ளை? எல்லாரும் கழட்டினவை, நானும் கழட்டினன்." கொஞ்சம் பொறுத்து, "நீயும் கேக்கேல்லை."

கேட்கவில்லை. படுக்க வைத்து இரண்டு காலையும் அளந்திருந்தால் இரண்டு நிமிடம். பதினோராவது ஆள், பன்னிரண்டரை மணி, எனக்குப் பசி. அன்றைக்கு நானும் சிஸ்டரும் சப்பாத்தோடு நின்றோம். அவரை வெறுங்காலோடு நடக்கவிட்டு நேரம் பார்த்தேன்.

ஒரு மனிதனை வீட்டைவிட்டு எழுப்பிவிட்டேன். முதலாம் திகதி வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். இன்னும் ஏழு நாள்.

செப்டெம்பர் 25, வியாழன்

காற்று விழுந்துவிட்டது. ஒரே புழுக்கம்.

சேரிடம் சொன்னேன். முதலில் தலையிடி என்று சூமை ஒத்திவைக்க நினைத்தேன், அதையும் எழுதி வைக்கிறேன். மதிப்பீட்டுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று குளிக்கும்போது ஒரு யோசனை. வெட்கம் கெட்ட யோசனை.

  சேர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: இப்படி வெறுங்காலில் நடக்கவிட்டு எழுதின கடிதங்கள் வேறு எத்தனை?

அது எனக்குத் தோன்றவே இல்லை. என் தலைக்குள் ஒரு செல்லத்துரை ஐயாதான் இருந்தார். ஐந்து மாதம், கிளினிக்குக்கு வந்த எல்லோரும். எல்லோரும்!

எல்லோரையும் திரும்பக் கூப்பிடச் சொன்னார். மகளுக்கு இன்றே எழுதச் சொன்னார், "என் பிழை" என்ற சொல் முதல் வரியில் இருக்க வேண்டும் என்றார். மதிப்பீட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. கடைசியில், தன்னுடைய கிளினிக் வாசலையும் நாளைக்குப் போய்ப் பார்க்கப் போவதாகச் சொன்னார்.

கடிதம் நாலு தரம் எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதை அனுப்பினேன்.

செப்டெம்பர் 27, சனி

சுகந்தி போன் எடுத்தார். வாழ்க்கையில் மறக்க மாட்டேன்.

"டொக்டர், முதல் இருக்கக் கூடாது எண்டு எழுதினியள். இப்ப இருக்கலாம் எண்டு எழுதுறியள். முந்தினது பிழை எண்டால் இதுவும் பிழையா இருக்காதெண்டு நான் என்னெண்டு நம்பிறது?"

 சோதனையை விளங்கப்படுத்தினேன், செக்கன்களைச் சொன்னேன். என் குரலே எனக்குப் பொய் மாதிரிக் கேட்டது.

"நாளைக்கு அவர் விழுந்தால் ஆர் போய்ப் பாப்பினம்? நீங்கள் போவியளோ? நான் இஞ்சை பதினாலாயிரம் கிலோமீற்றர் தள்ளி இருக்கிறன். உங்களுக்கு விளங்குமோ தெரியாது, ஒருத்தரும் இல்லாத இடத்திலை அவரை விட்டிட்டு இருக்கிறது."

விளங்கும் என்று சொல்ல வந்தது. அதற்குள் போனை வெட்டிவிட்டார்.

பகல் முழுக்கப் படுத்துக் கிடந்தேன். மத்தியானம் பிஸ்கற். முன் வீட்டின் பூட்டிய யன்னலில் பல்லி ஒன்று. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை. யாரும் "அப்பிடிச் சொல்லாதை" என்று சொல்ல இல்லை, அதனால் நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செப்டெம்பர் 28, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. இல்லத்துக்குப் போனேன். ஐயாவுக்கு நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"பிள்ளை, நானும் ஒருக்கால் நெல்லியடியிலை பஸ்ஸை நிப்பாட்டாமல் போனனான். ஒரு கர்ப்பிணிப் பிள்ளை கை காட்டினது, கண்ணாடியிலை கண்டும் போனனான், நேரம் பிந்திப் போச்செண்டு. இண்டைக்கும் அந்தப் பிள்ளையின்ரை முகம் தெரியும்." செருப்பைக் குனிந்து பார்த்தார். "நீ எண்டாலும் றிவேர்ஸ் அடிச்சுத் திரும்பி வந்திருக்கிறாய்."

மூன்று கிழமைக்குப் பிறகு முதல் பகிடி. வெளியே வந்து மதிலோரம் நின்று அழுதேன். வெயில்.

இல்லத்து அம்மா உள்ளுக்கும் செருப்புப் போட விட்டிருக்கிறா. துடைக்கிறது தன் பாடு என்று புறுபுறுத்தா, ஆனால் விட்டா.

ஒக்டோபர் 1, புதன்

முதலாம் திகதி. ஐயாவின் வீட்டில் குடியேறிவிட்டார்களா? வேலைக்குப் போகும் வழியில் அந்த ஒழுங்கைக்குள் முதல் தடவையாகப் போனேன். படலை பூட்டுத்தான். உள்ளே மாமரம். சருகு கூட்டாமல் கிடக்கிறது. லொறி ஒன்றும் இல்லை. அங்கேயே நின்றேன், பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போய் முடியும்வரை.

கிளினிக். திரும்பக் கூப்பிட்ட முதல் தொகுதி. கதவில் கடதாசி ஒட்டினேன்: "செருப்புடன் உள்ளே வாருங்கள்." எல்லோரும் ஆறுதலாக வாசித்தார்கள். வாசித்துவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள்.

குருநகரிலிருந்து வந்த ஒரு அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றா. "போடுங்கோவன் அம்மா." "ஐயோ, உங்களுக்கு முன்னாலையோ? வெக்கமாக் கிடக்கு." நான் நிலத்தில் குந்தியிருந்து போட்டுவிட்டேன். என் தலையைத் தொட்டு, "சேசுவே, டொக்டர் காலைத் தொடுறா" என்று சிலுவை போட்டா. முன்பு 19 செக்கன், இப்போது 14.

வசந்தா சிஸ்டர் செருப்புகளோடு வந்த மணலைப் பார்த்து, "உதென்ன டொக்டர், கிளினிக்கோ சந்தையோ?" பத்து நிமிடத்துக்குப் பிறகு அவவே வாசலில் நின்று, "கழட்டாதேங்கோ, கழட்டாதேங்கோ, டொக்டர் ஏசுவா!"

சிலருக்குச் செருப்போடும் மாற்றமே இல்லை. அதையும் எழுதினேன். ஒருவருக்கு நேரம் கூடிவிட்டது, அவர் போட்டு வந்தது பேரனின் செருப்பு.

படிவம்: கிளார்க் அக்கா இன்று கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு.

ஒக்டோபர் 4, சனி

சுகந்தி! விடிய ஆறு மணிக்கு. அழுத குரல்.

"டொக்டர், நான் ஒரு விசயம் சொல்ல வேணும். நான் வந்து நிண்ட நாள் முழுக்க வீட்டுக்குள்ளை செருப்பு வேண்டாம் எண்டு அப்பாவை ஏசினது நான்தான். ஊத்தையாக் கிடக்கெண்டு. அவர் தள்ளாடித் தள்ளாடித் திரிஞ்சதை நான் என்ரை கண்ணாலை கண்டுதான் பயந்தனான். சின்னனிலை இருந்து அந்தச் செருப்பைப் பாத்து வளந்தனான் டொக்டர். எனக்கு அது தோன்றவே இல்லை."

 போனில் அந்தப் பக்கம் தேத்தண்ணிக் கேத்தில் கூவியது.

வாடகைக் குடும்பத்தை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். இரண்டு நிபந்தனை. குளியலறைக்குக் கைபிடியும், நனையக்கூடிய செருப்பு ஒரு சோடியும், அதே உயரம் வைத்து. மற்றது, ஒவ்வொரு நாளும் காலையில் யாராவது அவருக்குப் போன் எடுத்து இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். தான் எடுத்தால் "ஓம் ஓம்" என்று மழுப்புவாராம்.

நான் எடுக்கிறேன் என்றேன். பயிற்சியில் இப்படி ஒன்றும் இல்லை. சேரிடம் கேட்க வேண்டும். கேட்காமலும் எடுப்பேன்.

ஐயாவிடம் போய்ச் சொன்னேன். யோசித்தார். "உது சரிவராது. நீ எடுத்தால் நான் வருத்தக்காரன். நான் எடுக்கிறன். காலமை ஆறு மணிக்கு. அண்டைக்கு மணி அடிக்கேல்லை எண்டால் வந்து பார்."

ஒக்டோபர் 5, ஞாயிறு

படலையை அவரே திறந்தார். பூட்டுத் திறப்பைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார், இவ்வளவு நாளும்.

உள்ளே போனதும் செருப்போடு ஒரு சுற்று. குசினி, அறை, கிணற்றடி. எதையும் தொடவில்லை, நடந்தார். பிறகு விளக்குமாற்றை எடுத்துச் சருகைக் கூட்டத் தொடங்கினார். நான் நிற்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது. சொல்லாமல் வந்துவிட்டேன்.

என் வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். ஒரு சோடி.

ஒக்டோபர் 13, திங்கள்

ஆறு மணி, ஒவ்வொரு நாளும். முதல் நாள்: "இருக்கிறன்." வெட்டிவிட்டார். இரண்டாம் நாள்: "இருக்கிறன். நீ?" "நானும் இருக்கிறன் ஐயா." மூன்றாம் நாள், புட்டு அவித்ததாம், தண்ணி கூடிவிட்டதாம். இன்று நான்கு நிமிடம், ரயில் பிந்தினதைப் பற்றி.

மணி அடிக்க முதலே எழும்பிவிடுகிறேன். பல்லுத் தீட்டிவிட்டுக் காத்திருக்கிறேன். விசர்தான்.

மதிப்பீடு முடிந்தது. "கவனக்குறைவு ஒன்று, தானே கண்டு தானே சொன்னது." சேர் இதற்குமேல் ஒரு சொல்லும் எழுதவில்லை. சித்தியடைந்துவிட்டேன். தோசை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து தின்றேன், வழமையைவிட இரண்டு கூட.

ஒக்டோபர் 22, புதன்

மழை தொடங்கிவிட்டது. ஒழுங்கை முழுக்கச் சேறு. கிளினிக் பாதியில் குளிர் பிடித்தது, உடம்பெல்லாம் உளைவு. சிஸ்டர் தொட்டுப் பார்த்து, "வீட்டை போங்கோ. ஆரும் இருக்கினமோ பாக்க?" ஓம் என்று சொன்னேன்.

பனடோல் இரண்டு. கரண்ட் இல்லை. பிறகு எழுதுவம்.

ஒக்டோபர் 23, வியாழன்

படுக்கையில் இருந்து எழுதுகிறேன்.

காலையில் கேற்றைப் போட்டு யாரோ உலுப்பின சத்தம். "பிள்ளை! டொக்டர் பிள்ளை!" கண்ணைத் திறந்தால் ஏழரை. போன் செத்துக் கிடக்கிறது. சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்குப் போனேன். யாராவது நேரம் பார்த்திருந்தால் நான் முப்பத்தொரு செக்கனுக்கு மேல்.

குடையோடு செல்லத்துரை ஐயா. வேட்டி முழங்கால்வரை சேறு.

"ஆறுக்கு அடிச்சன். ஆறரைக்கு அடிச்சன். ஏழுக்கும் அடிச்சன். நீ எடுக்கேல்லை. ஏன் எடுக்கேல்லை?" கோபம். உண்மையான கோபம். என்னோடு யாரும் கோபித்து எவ்வளவு காலம்.

எந்த வீடென்று தெரியாமல் கடையில் கேட்டு, இரண்டு படலை தட்டி வந்திருக்கிறார். மழைக்குள்.

என் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "காய்ச்சலோ? ஆருக்கு அறிவிக்க வேணும், சொல்லு."

"ஒருத்தரும் இல்லை ஐயா."

"அப்ப நான் ஆர்?"

ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்தார், இடது காலைத் தூக்கினார், குனிந்தார், செருப்பைக் கழற்ற.

"கழட்டாதேங்கோ!" இருந்த பலம் முழுவதையும் சேர்த்துக் கத்தினேன்.

வீட்டுக்காரரின் புது ரைல்ஸில் வாசலில் இருந்து குசினிவரை சேற்றுத் தடம். அங்கே நின்று கொத்தமல்லி எங்கே, சீனி எங்கே, வீட்டில் ஏன் ஒரு கோப்பைதான் இருக்கிறது என்று ஏசிக்கொண்டிருந்தார். நான் கட்டிலில் கிடந்து அழுதேன். காய்ச்சலால் இல்லை.

ஒக்டோபர் 24, வெள்ளி

காய்ச்சல் 99. மழை விட்டிருக்கிறது. தடம் காய்ந்துவிட்டது, கூட்டவில்லை.

ஆறு மணிக்கு: "இருக்கிறியோ?" "இருக்கிறன்." "பாண் தின்னாதை. கஞ்சி கொண்டு வாறன்."

பத்து மணிபோலப் படிவத்தை நிரப்பிப் படம் எடுத்து கிளார்க் அக்காவுக்கு அனுப்பினேன். ஐயாவின் பெயர், இலக்கம், விலாசம். உறவுமுறை என்ற கட்டத்தில் கன நேரம் பேனையை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "அடுத்த ஒழுங்கை" என்று எழுதினேன்.

உடனே போன். "டொக்டர், உது ஒரு உறவோ?"

ஓம் என்று சொன்னேன்.